டரான்டுலா தொட்டியில் செடி: யாராவது வழி சொல்லுங்கள்

என்னிடம் ஒரு மெக்சிகன் ரெட் நீ டரான்டுலா (ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி) இருக்கிறது. தேங்காய் நார்த்தூளும் ஒரு மரப்பட்டையுமாக இருந்த தொட்டியில், ஆசைப்பட்டு மணி பிளான்ட் கொடி இரண்டு நட்டேன். தண்ணீர் விட்டதிலிருந்து மண்ணில் கால் வைக்கவே மாட்டேன் என்கிறது. நான்கு நாளாகக் கண்ணாடிச் சுவரில்தான் குடித்தனம். விழுந்தால் வயிறு கிழிந்துவிடுமே என்று மூடியைத் தாழ்வாகத்தான் வைத்திருக்கிறேன், இருந்தாலும் பயம். நேற்று வேரோரம் வெள்ளைப் பூஞ்சை வேறு. ஸ்பிரிங்டெயில் என்ற குட்டி மண்பூச்சிகளை விட்டால் அதைத் தின்றுவிடும், சரி. ஆனால் ஈரம்? செடியைச் சின்னத் தொட்டியோடு புதைத்து, அதற்குள் மட்டும் தண்ணீர் விட்டுப் பார்த்தவர்கள் உண்டா? வறட்சி தாங்கும், முள்ளில்லாத வேறு செடி இருந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், சிலந்தியை வெளியே எடுக்காமல் மண்ணை உலர்த்த முடியுமா? செடி நட்ட அன்று அது உதறிய ரோமத்தால் மணிக்கட்டு இன்னும் அரிக்கிறது.