உதவி: 'த்ரீஸ்கோர்' என்பது எந்த எண்?

பாம்பன்காற்று: வணக்கம். 'த்ரீஸ்கோர்' என்றால் எவ்வளவு, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை மாலைக்குள் தெரிய வேண்டும்.

தொண்டிவாசி: எந்த வரியில் வருகிறது? ஆட்டக் கணக்கும் ஸ்கோர்தான், இசைக் குறிப்பும் ஸ்கோர்தான்.

மண்டபம்மாலை: மூன்று ஓட்டம் என்று பொருளாக இருக்கலாம்.

உப்பளத்தார்: அகராதியைத் திறந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. ஸ்கோர் என்றால் இருபது, த்ரீஸ்கோர் அறுபது. வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் 'ஸ்கோர்' என்பது கோலில் போடும் வெட்டு. ஆடுகளை எண்ணுகையில் இருபதுக்கு ஒரு வெட்டுப் போட்டதால் வெட்டின் பெயரே எண்ணுக்கும் ஆயிற்று என்பர். ஆட்டக் கணக்கின் ஸ்கோரும் அதிலிருந்து வந்ததே.

கீழக்கரைவாசகன்: நம் 'கூறு'தான் அங்கே போயிருக்கிறது, ஐயா. மீனைக் கூறு போடுவதும் வெட்டிப் பிரிப்பதுதானே?

உப்பளத்தார்: ஒலி ஒத்திருந்தால் உறவாகிவிடாது. ஆங்கிலத்தின் ஷேர் (பங்கு), ஷியர் (கத்தரித்தல்) ஆகியவை அதே வெட்டு வேரில் கிளைத்தவை என்பதை ஜெர்மானிய மொழிகளில் படிப்படியாகக் காட்டலாம். கூறுக்கு ஒரு படியாவது காட்டுங்கள்.

கீழக்கரைவாசகன்: பொருளும் சேர்ந்து ஒத்திருப்பதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

தொண்டிவாசி: இருவரும் பொறுங்கள். எங்கள் அப்பத்தா கருவாட்டுக் கூடைகளை எண்ணும்போது, கரித்துண்டால் சுவரில் நான்கு கோடு கிழித்து, ஐந்தாவதை அவற்றின் குறுக்கே இழுப்பார். எழுத்தறியாத அவருடைய கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. இங்கிலாந்தின் கருவூலமே 1826 வரை வெட்டுக் கோல்களில் கணக்கு வைத்திருந்தது. மிஞ்சிய கோல்களை 1834இல் எரித்தபோது பாராளுமன்றக் கட்டடமே தீப்பற்றியது. எனவே வெட்டு விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. பாம்பன்காற்று, வரி எங்கே?

பாம்பன்காற்று: மன்னியுங்கள், சொல்ல மறந்துவிட்டேன். தாத்தாவின் பழைய ஆங்கில வேதாகமம், சங்கீதம் 90:10, 'த்ரீஸ்கோர் இயர்ஸ் அண்ட் டென்'. நாளை அவருடைய நினைவுநாள் ஜெபத்தில் நான் வாசித்து விளக்க வேண்டும்.

தொண்டிவாசி: அறுபதும் பத்தும் எழுபது, அடுத்து வரும் 'ஃபோர்ஸ்கோர்' எண்பது. எபிரேய மூலத்தில் எழுபது, எண்பது என்றே இருக்கிறது. இருபது இருபதாகக் கூட்டியது 1611இல் மொழிபெயர்த்த ஆங்கிலேயரின் வழக்கு. பிரெஞ்சுக்காரர் இன்றும் எண்பதை 'நான்கு இருபது' என்றே சொல்கிறார்கள். 1863இல் அமெரிக்க அதிபர் லிங்கன் தம் உரையை 'ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன்' என்று தொடங்கியபோது குறித்ததும், 1776இல் அமெரிக்கா விடுதலையை அறிவித்தது முதல் கழிந்த 87 ஆண்டுகளைத்தான்.

பாம்பன்காற்று: மிக்க நன்றி. அந்த வரியின் ஓரத்தில் தாத்தா பென்சிலால் மூன்று கோடு போட்டு, பக்கத்தில் பத்து என்று எழுதி வைத்திருக்கிறார். இப்போதுதான் புரிகிறது.