மொலியேரின் 'கற்பனை நோயாளி': சிரிக்கலாமா, கூடாதா?

கூத்துப்பிரியன்: பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் 'கற்பனை நோயாளி'யை நேற்று மறுபடி படித்தேன். முதல் காட்சியே அமர்க்களம். தனக்கு எப்போதும் நோய் என்று நம்பும் ஆர்கான் தனியாக உட்கார்ந்து மருந்துக்கடை பில்லைக் கூட்டிப் பார்க்கிறார். இந்த மாதம் 8 மருந்து, 12 எனிமா. போன மாதம் 12 மருந்து, 20 எனிமா. இந்த மாதம் உடம்பு அவ்வளவு தேவலையாக இல்லாததற்குக் காரணம் அதுதானாம்! 1673இல் மேடையேறிய நாடகம், இன்னும் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறது.

தாமரை: எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா கடைசி சில வருடங்களை நோய் பயத்திலேயே கழித்தார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அந்தப் பயம் நிஜம். ஆர்கானை வேலைக்காரிகூட ஏய்க்கிறாள். பயந்தவரைச் சுற்றி நின்று கைகொட்டுவதுபோல் இருக்கிறது.

கூத்துப்பிரியன்: அடி விழுவது ஆர்கான் மேல் இல்லை தாமரை, அவர் பயத்தில் காசு பார்ப்பவர்கள் மேல். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று ஆங்கில மருத்துவர் ஹார்வி 1628லேயே எழுதிவிட்டார். ஆர்கான் தன் மகளுக்குப் பார்த்திருக்கும் டாக்டர் மாப்பிள்ளை தோமாவோ அதை மறுத்து எழுதிய ஆய்வேட்டைப் பெண்ணிடம் பரிசாக நீட்டுகிறான்! வேலைக்காரி துவானெத் டாக்டர் வேஷத்தில் வருவதைப் பாருங்கள். தலைவலியா? நுரையீரல். வயிற்றுவலியா? நுரையீரல்.

தாமரை: சரி, டாக்டர்கள் மோசம். ஆனால் கடைசியில் அவர் பயத்தை யார் போக்கினார்கள்? ஆர்கானுக்கே போலியாக டாக்டர் பட்டம் கொடுத்து, ஆடிப் பாடி முடித்துவிட்டார்கள்.

பழையஏடு: ஆர்கானாக நடித்தவர் மொலியேர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்போது அவர் இருமலோடு அல்லாடிக்கொண்டிருந்தார். துவானெத் 'நுரையீரல்' என்று சொல்லச் சொல்ல எதிரே உட்கார்ந்திருந்தது நிஜமான நெஞ்சுநோயாளி. பிப்ரவரி 17, நான்காவது முறை நாடகம் நடந்தபோது, அந்தப் பட்டமளிப்புக் காட்சியில் அவருக்கு வலிப்பு வந்தது, அதைச் சிரிப்பால் மறைத்தார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கிரிமாரே 1705இல் எழுதுகிறார். அன்று இரவே வீட்டில் இறந்துபோனார்.

தாமரை: அப்படியானால் தன் நோயைப் பார்த்துச் சிரிக்க அவருக்கு உரிமை இருந்தது. என் அப்பாவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு இல்லை.

கூத்துப்பிரியன்: ஆர்கான் செத்ததுபோல் படுத்திருக்கும் இடம்? இரண்டாம் மனைவி பெலீன் பீடை ஒழிந்தது என்கிறாள். அப்புறம் மகள் ஆஞ்சலிக் வருகிறாள். அங்கே நானும் சிரிக்கவில்லை.

தாமரை: அந்தக் காட்சியை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அப்பா போய்விட்டார் என்று நம்பி, கல்யாணமே வேண்டாம் என்று அழுகிறாளே. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன்.