நீண்ட விடுமுறைப் பயணத்துக்குக் கதைப் புத்தகங்கள் சொல்லுங்கள் (வயது 5, 10, 15)

நெடுவழி:

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு நீண்ட பயணம் போகிறோம். பாதி ரயிலில், பாதி காரில். போய்ச் சேருகிற இடத்தில் சில வாரங்கள் தங்குவோம். 5 வயதில் ஒரு பையன், 10 வயதில் பெண், 15 வயதில் பெரியவன்.

சின்னவனைப் பற்றிக் கவலையில்லை, ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும் அவனுக்கு. பெண்ணை நினைத்துத்தான் யோசனை. வெளியே இரவு தங்குவதே அவளுக்குப் பிடிக்காது. டிக்கெட் எடுத்ததிலிருந்து "எப்போ திரும்பி வருவோம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பெரியவனோ நண்பர்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல், எங்கள் கட்டாயத்துக்காக வருகிறான்.

கடையில் பயணம் என்று கேட்டால் இரண்டு வகைதான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒன்று, நாடு நாடாகத் தகவல் அடுக்கிய புத்தகம். இன்னொன்று, ஸ்டிக்கர் ஒட்டி வண்ணம் தீட்டுவது. எனக்குக் கதை வேண்டும். விடுமுறைக்குப் போகிற பிள்ளைகளின் கதை, பயணத்தின் கதை. மூத்த பிள்ளைகள் இருவரும் ஆங்கிலத்தில் நன்றாகப் படிப்பார்கள். சின்னவனுக்கு நான் தமிழில் சொல்லிக்கொள்வேன். பழைய புத்தகமானாலும் பரவாயில்லை.

அலமாரி அக்கா:

வணக்கம் தம்பி. நூலகத்தில் சிறார் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். விடுமுறை நெருங்கினால் இதே கேள்வியோடு நிறையப் பெற்றோர் வருவார்கள். "இந்த ஊருக்குப் போகிறோம், அந்த ஊரைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பயணத்தில் உங்கள் பிள்ளைக்கு எது கஷ்டம்? காத்திருப்பதா, வீட்டை விட்டு இருப்பதா, தம்பி தங்கையோடு ஒரே அறையில் கிடப்பதா? ஊரைப் பார்த்துப் புத்தகம் எடுத்தால் அது பாடம் மாதிரி ஆகிவிடும். அந்தக் கஷ்டத்தைப் பார்த்து எடுத்தால் பிள்ளை தன்னாலேயே படிக்கும். நீங்கள் கேட்காமலே அதைச் சொல்லிவிட்டதால் எனக்கு வேலை சுலபம்.

பெண்ணுக்கு முதலில் ஆர்தர் ரான்சம் எழுதிய 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்'. 1930இல் வந்தது. ஜான், சூசன், டிட்டி, ராஜர் என்று நான்கு பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஓர் ஏரித் தீவில் தாங்களாகவே முகாம் போட்டுத் தங்குகிறார்கள். கதை ஆரம்பிப்பதே 7 வயது ராஜர் சரிவான புல்வெளியில் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து ஓடிவருவதில்தான். காற்று எதிர்த்து வீசுகிறது, அவன் அப்போது ஒரு பாய்மரக் கப்பல், நேராக வரமுடியாது! அம்மா கையில் அப்பாவின் தந்தியோடு நிற்கிறாள். பிள்ளைகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்பது அதில் இருக்கிறது.

இதை ஏன் உங்கள் பெண்ணுக்குச் சொல்கிறேன் என்றால், சாகசக் கதை என்று பெயர் இருந்தாலும் பக்கம் பக்கமாக வருவது வீட்டு வேலைதான். கூடாரத்தை எங்கே அடிப்பது, அடுப்புக்குக் கல் எப்படி அடுக்குவது, காலையில் பண்ணைக்குப் படகில் போய்ப் பால் வாங்கி வருவது யார். தெரியாத இடம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக வீடாக மாறுவதை ரான்சம் அவசரமே படாமல் எழுதுகிறார். வெளியே தங்கப் பயப்படுகிற பிள்ளைகள் இந்தப் பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். "பயப்படாதே" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. படகு ஓட்டும் சொற்கள் ஆரம்பத்தில் கொஞ்சம் தடுக்கும், தாண்டிப் போகச் சொல்லுங்கள்.

அது கனமாக இருக்கிறது என்றால் ஜீன் பேர்ட்சால் எழுதிய 'தி பெண்டர்விக்ஸ்'. 2005இல் வந்து அந்த ஆண்டே அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை வாங்கியது. நான்கு அக்கா தங்கைகள், அப்பா, ஒரு நாய், வாடகைக்கு எடுத்த ஒரு கோடைக்கால வீடு. குடும்பம் மொத்தமும் கூடவே இருக்கிறது என்பதால் கவலைப்படும் பிள்ளைக்கு இது மென்மையான கதை.

பெரியவனுக்கு ஒரே புத்தகம்தான் சொல்வேன். வோல்ஃப்காங் ஹெர்ன்டோர்ஃப் எழுதிய ஜெர்மன் நாவல், 'ட்ஷிக்', 2010. ஆங்கிலத்தில் 'ஒய் வி டுக் த கார்' என்ற பெயரில் கிடைக்கும். 14 வயது மைக்கின் அம்மா குடிநோய்க்கு சிகிச்சைக்குப் போய்விடுகிறாள், அப்பா வேறொருத்தியோடு வெளியூர் கிளம்பிவிடுகிறார். விடுமுறையில் பையன் வீட்டில் தனியே. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ட்ஷிக் ஒரு பழைய லாடா காரோடு வந்து நிற்கிறான். கார் திருட்டுக் கார். ருமேனியாவில் இருக்கும் வாலாச்சியாவுக்குப் போவோம் என்கிறான். கையில் வரைபடம் கிடையாது, அது எந்தத் திசை என்றுகூட இருவருக்கும் சரியாகத் தெரியாது. உலகம் மோசமானது, மனிதர்கள் மோசமானவர்கள் என்று கேட்டே வளர்ந்த மைக், வழியில் சந்திக்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகவே இருப்பதைப் பார்த்துத் திகைக்கிறான். பயணம் ஒருவனுக்கு என்ன செய்யும் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன இளையோர் நாவல் எனக்குத் தெரிந்து குறைவு. கார் திருடுகிறார்களே என்று தயங்காதீர்கள். அதன் விலையை அவர்கள் கொடுக்கிறார்கள், கதை அதை மூடி மறைக்கவில்லை.

வரைபடப் பிரியன்:

அக்கா சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். ஊரைப் பார்த்துப் புத்தகம் எடுப்பதில் என்ன தவறு? புத்தகத்தில் பார்த்த கட்டடம் கண்ணெதிரே நிற்கும்போது பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா?

மிரோஸ்லாவ் சாசெக் வரைந்த 'திஸ் இஸ் பாரிஸ்', 'திஸ் இஸ் லண்டன்' இரண்டும் 1959இல் வந்தவை. அப்புறம் ரோம், நியூயார்க் என்று வரிசையாக வரைந்துகொண்டே போனார். நினைவுச் சின்னங்களுக்குக் கொடுக்கும் அதே மரியாதையைத் தெருவில் திரியும் பூனைக்கும் சீருடைக்காரருக்கும் கொடுப்பார். மறுபதிப்புகளில் காலத்தால் மாறிப்போன விவரங்களைக் கடைசியில் ஒரு பக்கத்தில் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். படத்தைத் தொடாமல் விட்டது பெரிய விஷயம்.

10 வயதுக்கு ஈ.எல். கோனிக்ஸ்பர்க்கின் 1967 நாவலான 'ஃப்ரம் த மிக்ஸ்ட்-அப் ஃபைல்ஸ் ஆஃப் மிஸஸ் பேசில் ஈ. ஃப்ராங்க்வைலர்' புத்தகத்தை எப்படி விட்டீர்கள்? கிளாடியாவும் தம்பி ஜேமியும் வீட்டை விட்டு ஓடி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் ஒளிந்து தங்குவார்களே, அது. மூடும் நேரத்தில் கழிவறைத் தொட்டியின் மேல் ஏறி நின்று காவலாளியை ஏமாற்றுவது, பழங்காலக் கட்டிலில் தூங்குவது, நீரூற்றில் குளிக்கப்போய் அடியில் கிடக்கும் சில்லறையைப் பொறுக்குவது! அந்தப் புத்தகம் படித்த பிள்ளை எந்த அருங்காட்சியகத்திலும் சலித்துக்கொள்ளாது. எங்கே ஒளியலாம் என்று பார்த்துக்கொண்டே நடக்கும்.

ரயிலுக்கு என்று தனியாக ஒன்று: சத்யஜித் ராயின் ஃபெலுடா துப்பறியும் கதைகளில் 'சோனார் கெல்லா', 1971. முற்பிறவி நினைவு இருப்பதாகச் சொல்லும் சிறுவனைத் தேடி ராஜஸ்தானுக்கு ரயிலேறும் கதை. ஃபெலுடாவின் ரசிகர்களுக்கெல்லாம் பிடித்த எழுத்தாளர் ஜடாயு முதலில் அறிமுகமாவதும் இதில்தான், அதுவும் ரயில் பெட்டிக்குள். கதையைச் சொல்லும் தோப்ஷே உங்கள் பெரியவன் வயதுக்காரன்.

நெடுவழி:

இருவருக்கும் நன்றி. பட்டியல் எழுதிக்கொண்டேன். ஒரு சந்தேகம். ஷாரன் கிரீச்சின் 'வாக் டு மூன்ஸ்' நல்ல பயணக் கதை என்று ஒருவர் சொன்னார். பெண்ணுக்குக் கொடுக்கலாமா? அப்புறம் வீட்டை விட்டு ஓடும் கதை அவளுக்குச் சரிப்படுமா என்றும் தெரியவில்லை.

அலமாரி அக்கா:

'வாக் டு மூன்ஸ்' அருமையான நாவல், 1995இல் அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. 13 வயது சாலமாங்கா, தாத்தா பாட்டியோடு காரில் ஒஹையோவிலிருந்து ஐடஹோ வரை போகிறாள், வழியெல்லாம் ஃபீபி என்ற தோழியின் கதையைச் சொல்லிக்கொண்டு. கதைக்குள் கதை, அதுவும் ஓடும் காருக்குள். ஆனால் அம்மாவைத் தேடிப் போகிற பயணம் அது. முடிவில் பெரிய துயரம் இருக்கிறது. "எப்போ திரும்பி வருவோம்" என்று கேட்கிற பிள்ளைக்குப் பயணத்தின் நடுவில் இதைக் கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து, அவள் படுக்கையில் அவள் தூங்க ஆரம்பித்த பிறகு கொடுங்கள். முடிந்தால் நீங்களும் படித்துவிடுங்கள், பேச ஆள் வேண்டியிருக்கும்.

கிளாடியா கதையைத் தாராளமாகக் கொடுக்கலாம். அவள் ஓடுவதற்குத் திட்டம் போடும் விதமே வேறு. அசௌகரியம் அவளுக்கு ஆகாது, அதனால்தான் வசதியான இடமாகப் பார்த்து ஓடுகிறாள்! சண்டை போட்டுக்கொண்டிருந்த அக்காவும் தம்பியும் ஒரு குழுவாக மாறும் இடம்தான் அந்த நாவலின் உயிர் என்பேன். வரைபடப் பிரியனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் வரும் கட்டிலும் நீரூற்றும் இப்போது அந்த அருங்காட்சியகத்தில் இல்லை. அவற்றைத் தேடிப்போகிற பிள்ளை ஏமாந்துதான் திரும்பும். ஊரை நம்பிப் புத்தகம் கொடுப்பதில் எனக்குள்ள தயக்கம் இதுதான். ஒளிய இடம் தேடும் கண் இருக்கிறதே, அது எந்த ஊரிலும் வேலை செய்யும். அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

உங்கள் பெண் தம்பியைப் பார்த்துக்கொள்கிற அக்கா என்பதால் இன்னொன்றும் தோன்றுகிறது. ரீட்டா வில்லியம்ஸ்-கார்சியாவின் 'ஒன் கிரேஸி சம்மர்', 2010. 1968 கோடையில் 11 வயது டெல்ஃபீன் இரண்டு தங்கைகளை அழைத்துக்கொண்டு புரூக்ளினிலிருந்து ஓக்லாந்துக்கு விமானம் ஏறுகிறாள், தங்களை விட்டுப்போன அம்மாவைப் பார்க்க. அம்மாவோ வரவேற்கவே இல்லை, சமையலறைக்குள்கூட விடுவதில்லை. பகலெல்லாம் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தினர் நடத்தும் கோடை முகாமுக்கு அனுப்பிவிடுகிறாள். பிள்ளைகள் டிஸ்னிலேண்டைக் கனவு கண்டு போனவர்கள்! ஒருநாள் டெல்ஃபீனே திட்டம் போட்டுத் தங்கைகளை சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றிக்காட்டக் கூட்டிப்போவாள். அந்த அத்தியாயத்தை எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. எல்லோரையும் கவனித்துக்கொண்டே இருந்தவளுக்கு அன்றைக்குத்தான் விடுமுறை. பன்னிரண்டு வயது ஆனதும் கொடுத்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும்.

மேல் படுக்கை:

எனக்கு 17 வயது. அங்கிள், உங்கள் பெரியவனுக்காக எழுதுகிறேன். 'ட்ஷிக்' சரியான தேர்வு. ஆனால் "பயணத்துக்காக உனக்கு வாங்கினேன்" என்று கையில் கொடுத்தால் அவன் திறக்கவே மாட்டான். நீங்கள் படிப்பதற்காக என்று எடுத்துவையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அவனே எடுப்பான்.

படம் பிடிக்கும் என்றால் மரிகோ தமாகி, ஜில்லியன் தமாகி சேர்ந்து செய்த கிராஃபிக் நாவல் 'திஸ் ஒன் சம்மர்', 2014. வருடாவருடம் அதே கடற்கரைக் குடிலுக்குப் போகிற ரோஸ், அங்கே மட்டும் சந்திக்கும் தோழி விண்டி. இந்த முறை அம்மா அப்பாவுக்குள் ஏதோ சரியில்லை. அதே இடம், அதே தண்ணீர், ஆனால் வளர்ந்துவிட்டதால் எதுவும் முன்புபோல் இல்லை. முழுக்க நீல ஊதா மையில் வரைந்திருப்பார்கள். பெற்றோர் சண்டை, டீன் ஏஜ் கர்ப்பம் எல்லாம் வரும். அமெரிக்க நூலகங்களில் 2016இல் அதிக எதிர்ப்பைச் சந்தித்த புத்தகம் இதுதான். என்னைக் கேட்டால் 15 வயதில் படிக்க வேண்டியது. பெண்ணின் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவளுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அலமாரி அக்கா:

தம்பி சொன்னது சரி, எடுத்துவைத்துவிட்டு ஒன்றும் கேட்காதீர்கள்.

சின்னவனை எல்லோரும் மறந்துவிட்டோம். அவனுக்கு மிட்சுமாசா ஆன்னோவின் 'ஆன்னோஸ் ஜர்னி', 1977. ஒரு வார்த்தை கிடையாது. குட்டியாக ஒரு பயணி குதிரையில் ஐரோப்பியக் கிராமங்கள், ஊர்கள் வழியே போய்க்கொண்டே இருப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் எங்கே என்று அவன் தேடட்டும். கூடவே ஓவியங்கள், பழங்கதைகள் எல்லாம் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் கதிர் பொறுக்கும் பெண்கள் ஒரு வயலில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அது உங்களுக்கும் பெரியவனுக்கும். மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லாத புத்தகம், கதையை அவனே சொல்வான்.

திரும்பும் வழிக்கு ராபர்ட் மெக்லாஸ்கியின் 'டைம் ஆஃப் வண்டர்'. 1958இல் கால்டிகாட் பதக்கம் பெற்ற படப் புத்தகம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத் தீவில் ஒரு குடும்பத்தின் கோடை, நடுவில் ஒரு சூறாவளி, கடைசியில் மூட்டை கட்டிக் கிளம்புவது. கதை முழுவதும் "நீ" என்று குழந்தையிடமே பேசும். விட்டுப்போகிற இடத்துக்காகக் கொஞ்சம் வருத்தமும் போகிற இடத்துக்காகக் கொஞ்சம் மகிழ்ச்சியும் ஒன்றாக இருக்கலாம் என்று சொல்லும் படப் புத்தகம் வேறு எனக்குத் தெரியாது. சின்னவனுக்குச் சத்தமாகப் படியுங்கள், பெண்ணும் கேட்கட்டும்.

படங்களில் சின்னச் சின்னதாகத் தேட வேண்டிய ஆன்னோவை மட்டும் ரயிலில் கொடுங்கள். ஓடும் காரில் குனிந்து பார்த்தால் தலை சுற்றும். காருக்கு ரான்சமின் ஆடியோ புத்தகம் கிடைக்கிறதா என்று பாருங்கள், மூன்று பேரும் ஒரே கதையைக் கேட்டுக்கொண்டு வரலாம்.