டெல்டாவில் இயந்திரவியல் படித்தவர்களுக்கு என்ன வேலை?

கேள்வி (மன்னார்குடி மாணவி):
2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடை செய்ததை முழுமனத்துடன் வரவேற்கிறேன். ஆனால், இயந்திரவியல் படிக்கும் எங்களுக்கு ஊரிலேயே தொழில் அமைய அரசு என்ன செய்ய வேண்டும்?

பதில் (ஓய்வுபெற்ற பொறியாளர், கும்பகோணம்):
அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், அம்மா. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் பொதுவாக நெல்லை எடுப்பதில்லை. எனவே மழையில் நனைந்த குறுவை நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டி, காலால் துழாவிக் காயவைக்கும் விவசாயிக்கு, உமியை எரித்து இயங்கும் நடமாடும் உலர்த்தியை வட்டந்தோறும் அமைத்துத் தருவதைவிட அவசரமான பொறியியல் பணி இங்கு இல்லை என்பேன்.

பதில் (விவசாயி, நீடாமங்கலம்):
உலர்த்தி வந்தாலும் பழுதுபார்க்க ஆள் வேண்டும். பெல்ட் அறுந்து வயலில் நின்ற அறுவடை இயந்திரத்துக்கு மெக்கானிக் வருவதற்குள் மழை பிடித்து, கதிரெல்லாம் சாய்ந்துவிட்டது. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில், ஹைட்ராலிக் செய்முறைப் பயிற்சியை வயலிலேயே நடத்த வேண்டும்.

பதில் (விரிவுரையாளர், தஞ்சாவூர்):
இங்குள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் 1967-இல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சிக்கூடமாகத் தோன்றியதே ஈர நெல்லின் சிக்கலால்தான். ஆய்வு இருக்கிறது, அதை இயந்திரமாக்கி விற்கும் சிறுதொழில்களுக்கு முதலீட்டு மானியமும் அரசுக் கொள்முதல் உறுதியும்தான் உடனடித் தேவை.