மலைக்குளிரும் வானிலை எச்சரிக்கையும்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நாகலூர் பக்கம், ஏற்காடு

டிசம்பர், ஜனவரின்னா எங்க பக்கம் காபிப் பழம் பறிக்கிற நேரம். காலையில தோட்டத்துக்குள்ள இறங்கினா செடியெல்லாம் பனித்தண்ணி சொட்டும். பறிக்கிற பெண்கள் முழங்கை வரைக்கும் நனைஞ்சுதான் வேலையைத் தொடங்குவாங்க. வெறும் குளிரைத் தாங்கிடலாம். ஈரத்துணியோட காத்தும் சேர்ந்துட்டா உடம்புச் சூடு மளமளன்னு இறங்கிடும்.

எங்க அம்மாயி டிவி செய்தி பார்த்துட்டு, "உறைபனி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும்தானாம், நமக்கு ஒண்ணுமில்ல சாமி"ன்னு ஸ்வெட்டரைக் கழட்டி வெச்சிடுவாங்க. இதை நான் ஊர்ல பல பேர்கிட்ட கேட்டிருக்கேன். கவலையா இருக்கு. வானிலைத் துறை 'குளிர் அலை'ன்னு சொல்றதுக்கு ஒரு அளவு இருக்குங்க. சமவெளியில குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கணும். மலைப்பகுதியில 0 டிகிரிக்கே இறங்கணும். அதோட, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைஞ்சிருக்கணும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். அந்தப் பூஜ்ஜியக் கணக்குல நம்ம ஊர் சிக்காது. ஆனா மூச்சிரைப்பு இருக்கிற வயசானவங்களுக்கு 11, 12 டிகிரியே போதும், படுக்கையில தள்ளிடும்.

போன குளிர்காலத்துல பக்கத்து லைன் வீட்ல ராத்திரி தகர டப்பாவுல கரி நெருப்பை அள்ளி உள்ள வெச்சு, கதவு ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்துட்டாங்க. விடியக்காலையில அந்த அக்காவுக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலி, வாந்தி. குழந்தையை எழுப்பினா எழுந்திரிக்கல. தவழ்ந்து வந்து கதவைத் திறந்து சத்தம் போட்டாங்க. நாங்க ஓடிப்போய் ரெண்டு பேரையும் வெளியில தூக்கிட்டு வந்து, ஜீப்புல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைச்சுட்டாங்க. கரி எரியறப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசமும் இல்ல. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல ரத்தத்தோட ஒட்டிக்கும். தூக்கத்துல இருக்கிறவங்களுக்கு நடக்கிறதே தெரியாது.

சங்ககிரி, லாரி ஓட்டுநர்

நீங்க சொன்ன கரி விஷயம் எங்க ஆளுங்க ஒவ்வொருத்தர் காதுலயும் விழணும்ங்க. வடக்க குளிருக்குப் பயந்து, கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு கேபினுக்குள்ள ஸ்டவ் பத்தவைக்கிறவங்க இருக்காங்க. எங்க வண்டியில ஏறுற பையனுக்கு நான் முதல்ல சொல்றதே, சமையல் கீழதான்னு.

நம்ம சேலத்து வழியாப் போற அதே 44ஆம் நம்பர் ரோடுதான் பானிபட், அம்பாலா வரைக்கும் போகுது. ஒரு ஜனவரி ராத்திரி பானிபட் தாண்டினதும் மூடுபனி இறங்கிடுச்சு. முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட் கூடத் தெரியல. அங்கெல்லாம் பாசன நிலத்து ஈரம், தெளிஞ்ச வானம், காத்து அசையாத ராத்திரி, மூணும் சேர்ந்தா பனி தரையோட தரையா உட்கார்ந்துக்கும். 50 மீட்டர் தாண்டித் தெரியலேன்னா அதை 'மிக அடர்ந்த மூடுபனி'ம்பாங்க. தாபாவுல இருந்தவர் போன்ல சிவப்பு எச்சரிக்கையைக் காட்டி, போகாதீங்கன்னு கையைப் பிடிச்சு உட்கார வெச்சார். லோடு லேட்டாகும்னு ஓனர் சத்தம் போட்டாரு, போடட்டும். வெயில் வந்தப்புறம் கிளம்பினோம். கொஞ்ச தூரத்துல வண்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு மோதிக் கிடந்துச்சு. மஞ்சள்னா கவனிச்சுட்டே இரு, ஆரஞ்சுன்னா தயாரா இரு, சிவப்புன்னா உடனே செயல்படு. ஓட்டுநருக்குச் சிவப்புன்னா வண்டியை ஓரங்கட்டுறதுதான்.

அஸ்தம்பட்டி, செவிலியர்

ஏற்காட்டுத் தங்கச்சி, அம்மாயிக்கு ஒண்ணு கவனிங்க. நடுக்கம் நின்னுபோய், பேச்சு குழறி, தூங்கி வழிஞ்சாங்கன்னா குளிர் பழகிடுச்சுன்னு விட்டுடாதீங்க. உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழ போயிருக்கலாம். ஈரத்துணியை மாத்தி, நெஞ்சும் வயிறும் மூடுற மாதிரி கம்பளி போர்த்தி, உடனே 108ஐக் கூப்பிடுங்க. கை காலைப் பரபரன்னு தேய்க்க வேண்டாம். சூடு வரட்டும்னு சாராயம் கொடுக்கவே கூடாது, அது தோல் ரத்தக்குழாய்களை விரிச்சு மிச்சச் சூட்டையும் வெளியேத்திடும்.