சினாரியோவுக்கு 'கருதுநிலை' சரிவருமா?

வணக்கம்.

காலநிலை ஆய்வில் வரும் சினாரியோ (scenario) என்ற சொல்லுக்குத் தமிழில் 'முன்கணிப்பு', 'சூழ்நிலை', 'காட்சி' என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. முதலாவதை உடனே ஒதுக்கிவிடலாம். 2100இல் எவ்வளவு நிலக்கரி எரியும் என்று யாரும் கணித்துச் சொல்லவில்லை. இப்படி நடந்தால் என்ன ஆகும் என்றுதான் கேட்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2000இல் வெளியிட்ட உமிழ்வு அறிக்கையில் 40 சினாரியோக்கள் இருந்தன, எதற்கும் நிகழ்தகவு தரவில்லை. சூழ்நிலை, சூழலோடு குழம்பும். காட்சி நாடக மேடைக்கே இருக்கட்டும்.

என் பரிந்துரை 'கருதுநிலை'. கருதுகோள் ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல், அதன் தம்பியாக இது உட்காரும். 'நிலை' என்றால் அசையாமல் நிற்பதுபோல் இருக்கிறது, 'கருதுபோக்கு' என்னலாமே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வெப்பநிலைப் போக்கு, உமிழ்வுப் போக்கு என்று அதே பத்தியில் டிரெண்டுக்குப் போக்கு வந்து நிற்கும். நகர்வைச் சொல்ல, அடுத்து வரும் 'பாதை' (pathway) இருக்கிறது.

அப்புறம் எஸ்எஸ்பி (Shared Socioeconomic Pathways), அதாவது உலகச் சமூகமும் பொருளாதாரமும் இந்த நூற்றாண்டில் எப்படியெல்லாம் மாறலாம் என்று வகுத்த ஐந்து பாதைகள். 'பகிரப்பட்ட' வேண்டாம், 'பொதுச் சமூகப் பொருளாதாரப் பாதைகள்' போதும். அவை எல்லா ஆய்வுக் குழுக்களுக்கும் பொதுவான அடித்தளம். ஆளுக்கொரு மக்கள்தொகை, ஆளுக்கொரு வளர்ச்சி விகிதம் என்று வைத்துக்கொண்டால், முடிவுகள் வேறுபடுவது கணினி மாதிரியாலா அனுமானத்தாலா என்று பிரிக்கவே முடியாது.

ஐந்து பாதைகளையும் 'நல்லது', 'மோசமானது' என்று பெயரிடும் யோசனையும் ஒத்துவராது. அங்கே அளவுகோல் இரண்டு: உமிழ்வைத் தணிப்பது எவ்வளவு கடினம், மாற்றத்துக்குத் தகவமைவது எவ்வளவு கடினம். நாடுகள் முட்டிக்கொள்ளும் மூன்றாம் பாதையில் இரண்டுமே கடினம். நூற்றாண்டு இறுதியில் மக்கள்தொகை 1,200 கோடியைத் தாண்டுகிறது. நீடித்த வளர்ச்சிக்கான முதல் பாதையிலும், புதைபடிவ எரிபொருளை நம்பிய ஐந்தாம் பாதையிலும் அது ஏறக்குறைய 700 கோடிதான். இரண்டிலும் கல்வி பெருகுகிறது, தகவமைவது எளிது. தணிப்பில்தான் பிரிகின்றன: முதலாவதில் எளிது, ஐந்தாவதில் கடினம். இதில் எதை மோசம் என்பது?

'எஸ்எஸ்பி 5-8.5' போன்ற குறியீட்டில் முதல் எண் பாதை. இரண்டாவது, 2100இல் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் கதிர்வீச்சுத் திணிப்பு (பூமியின் ஆற்றல் சமநிலையில் ஏற்படும் மாற்றம்) என்பது. பாதையும் திணிப்பும் சேர்ந்த இந்த இணைக்கே கருதுநிலை என்று பெயர் வைப்போம்.

8.5ஐ 'வழமைபோல்' (business as usual) என்று மொழிபெயர்ப்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஐந்தாம் பாதையைத் தவிர மற்றவற்றில் அந்த அளவை எட்டுவதே கடினம். காலநிலைக் கொள்கை ஏதும் சேர்க்காததற்கு 'அடிப்படைக் கருதுநிலை' என்று எழுதலாம். மாற்றுச் சொல் இருந்தால், முழு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள்.