"தற்காப்புக்குத்தான் சுட்டேன்": உங்கள் தெருவில் நடந்ததுண்டா? அனுபவங்களைப் பகிருங்கள்

திரியைத் தொடங்கியவர், மத்திய புளோரிடா

எங்கள் தெருவில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைச் சுட்டுவிட்டார். சுடப்பட்டவர் இறந்துபோனார். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் ஊர், பேர் எதுவும் எழுதப் போவதில்லை. அன்றிலிருந்து தெரு இரண்டுபட்டுக் கிடக்கிறது. "உயிர் பிழைக்கச் சுட்டார், வேறு என்ன செய்வார்?" என்கிறது ஒரு பாதி. "மாசக்கணக்கில் வம்புக்கு இழுத்ததே சுட்டவர்தானே" என்கிறது இன்னொரு பாதி. இப்படி ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள், சாட்சி சொன்னவர்கள், ஜூரியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

நான் எதையும் பார்க்கவில்லை, கேட்டேன். பிக்கப் வண்டியை யார் வாசலை மறித்து நிறுத்துவது என்று அவர்களுக்குள் பழைய தகராறு. அன்று சாயங்காலமும் கத்தல் கேட்டது, அது எங்களுக்குப் பழக்கம்தான். பிறகு அடுத்தடுத்து இரண்டு வெடி. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒன்று.

அந்த இடைவெளியில்தான் இப்போது வழக்கே நிற்கிறது. சுட்டவர் சொல்வது: "என்மேல் பாய்ந்தார், நிறுத்தவே இல்லை." இறந்தவரின் மனைவி சொல்வது: "இரண்டாவது குண்டுக்கே திரும்பிவிட்டார்." புளோரிடாவில் கிரிமினல் வழக்கிலும் விசாரணை தொடங்குமுன்பே எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியைக் கூப்பிட்டு, சத்தியம் வாங்கிக் கேள்வி கேட்டுப் பதிவு செய்யும் டெபொசிஷன் எடுக்கலாம். பல மாநிலங்களில் இந்த வழக்கம் கிடையாது. அப்படி என்னைக் கூப்பிட்ட வக்கீல், வெடிச்சத்தம் வந்த விதத்தை மேஜைமேல் தட்டிக் காட்டச் சொன்னார். டக், டக்... டக். "இன்னொரு தடவை தட்டுங்கள்." தட்டினேன். "இரண்டு தடவையும் ஒரே அளவுதானா?" என்று கேட்டார். ஒரு ஆள் திரும்பி நாலு அடி வைக்கிற நேரம் இருந்தது என்றேன். "அடி வைத்ததைப் பார்த்தீர்களா?" இல்லை. அவ்வளவுதான், அந்த வாக்கியம் செத்தது.

எதிர்வீட்டு டோர்பெல் கேமரா எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று எல்லோரும் நம்பினோம். யாராவது அசைந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். முதல் இரண்டு வெடிக்குப் பிறகே விழித்திருக்கிறது. மூன்றாவது சத்தமும், ஒரு பெண் கத்துவதும் மட்டும் பதிவாகியிருக்கின்றன.

2012 பிப்ரவரி 26 அன்று இதே புளோரிடாவின் சான்ஃபோர்டில் ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையன் கொல்லப்பட்ட வழக்கை இப்போது திரும்பப் படிக்கிறேன். அங்கேயும் சத்தம்தான் பெரிய சாட்சி. பக்கத்து வீட்டுப் பெண் 911 அவசர உதவி எண்ணுக்குப் பேசிய பதிவின் பின்னணியில் ஒருவர் உதவி கேட்டு அலறுவது கேட்கும். கோர்ட்டில் ட்ரேவானின் அம்மா அது தன் மகன் குரல் என்றார். சுட்ட ஜார்ஜ் சிம்மர்மேனின் அம்மா, இல்லை, தன் மகன் குரல் என்றார். இரண்டு அம்மாக்களும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

என் ஆதங்கம் ஒன்றுதான். சுட்ட அந்த ஒன்றிரண்டு நொடியை மட்டும் வெட்டி எடுத்து எல்லோரும் அலசுகிறார்கள். அதற்கு முந்தைய பத்து நிமிஷத்தை, அந்த மாசங்களை யாரும் அதே அக்கறையோடு கேட்பதில்லை. சுட்டவர் தன் பயத்தைத் தன் வாயால் சொல்லலாம். செத்தவர் எங்கே போய்ச் சொல்வார்?

டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு தோழி

படிக்கும்போதே கை நடுங்குகிறது. என்னுடையது சுடாமல் முடிந்த கதை.

நவராத்திரிக்குக் கொலு பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். புதுக் குடியிருப்பு, எல்லா வீடும் ஒரே அச்சு. இருட்டிவிட்டது. நானும் மகளும் பட்டுப்பாவாடை சரசரக்க, கையில் சுண்டல் டப்பாவோடு ஒரு வீட்டு மணியை அடித்தோம். பதில் இல்லை. உள்ளே விளக்கு எரிந்ததால் கதவைத் தட்டினேன், கைப்பிடியையும் லேசாகத் திருப்பிப் பார்த்தேன். நம்மவர்கள் வீடு என்றால் அப்படித்தானே செய்வோம்.

கதவு ஒரு சாண் திறந்தது. வயதான வெள்ளைக்காரர். வலது கை தொடையை ஒட்டித் தொங்கியது, அதில் கைத்துப்பாக்கி. விரல் விசைக்கு வெளியே நீட்டியிருந்தது என்பது ஏனோ இன்றும் கண்ணில் நிற்கிறது. மகளைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. "நீங்கள் தேடுவது அடுத்த தெருவாக இருக்கும் அம்மா" என்றார். அவர் குரலும் நடுங்கியது.

2023 ஏப்ரலில் கான்சாஸ் சிட்டியில் தம்பிகளைக் கூட்டிவரப் போன 16 வயதுப் பையன் தெருப்பெயர் குழம்பி வேறு வீட்டு மணியை அடித்தான். கதவுக்குப் பின்னாலிருந்து 84 வயதுக்காரர் தலையில் சுட்டார். பையன் பிழைத்தது அதிசயம். பயந்துவிட்டேன் என்றுதான் அவரும் சொன்னார். 2025-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனை அறிவிக்குமுன் இறந்துவிட்டார். என் எதிரே நின்றவருக்கும் அதே பயம்தான். இவர் அவசரப்படாமல் யாரென்று பார்த்தார், அந்த ஒரு வித்தியாசத்தில் நாங்கள் வீடு திரும்பினோம்.

நியூ ஜெர்சி, முன்னாள் மதுரை வக்கீல்

தோழி, நல்லபடியாக வந்தீர்கள், அது போதும்.

சட்டத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்துகிறேன், நம்மவர்கள் பலர் ஊர்ச் சட்டத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அங்கே இ.பி.கோ. 96 முதல் 106 வரை தற்காப்புரிமை, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, போலீஸை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அதே சமயம் உயிர்ப்பயத்தில் இருப்பவன் கொடுத்த அடியைத் தங்கத் தராசில் நிறுக்காதே என்று உச்ச நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் தற்காப்பு என்று காட்ட வேண்டிய பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவருடையது.

இங்கே அமெரிக்காவில் நேர் எதிர். தற்காப்பு என்பதற்குக் கொஞ்சம் ஆதாரம் வந்துவிட்டால், அது தற்காப்பு இல்லை என்று சந்தேகத்துக்கிடமின்றி அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். கடைசியாக ஒஹாயோவும் 2019-இல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. புளோரிடா இன்னும் ஒரு படி மேலே. 2005 சட்டப்படி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம், 2017 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கட்டத்திலேயே பாரம் அரசுத் தரப்பின் தலையில். எங்கள் நியூ ஜெர்சியிலோ வீட்டுக்கு வெளியே பத்திரமாக விலகிப்போக வழி இருந்தால் விலகியாக வேண்டும். ஆக, ஒரே சண்டை, ஒரே குண்டு, மாநில எல்லையைத் தாண்டினால் தீர்ப்பு மாறும்.

ஹூஸ்டன், துப்பாக்கி வைத்திருப்பவன்

மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்காதீர்கள் அண்ணா.

நான் இரவு நேரத்தில் கேஸ் ஸ்டேஷனில், அதாவது பெட்ரோல் பங்கில், வேலை பார்த்தவன். முகத்துக்கு நேரே கத்தி நீட்டப்பட்டிருக்கிறது. "விலகிப்போக வழி இருந்ததா?" என்று பின்னால் ஏசி அறையில் உட்கார்ந்து கேட்பது சுலபம். அந்த நேரத்தில் கண்ணுக்குக் கத்தியைத் தவிர ஒன்றும் தெரியாது, காது அடைத்துப்போகும். தனியாக இருக்கும் பெண், ஓட முடியாத முதியவர், இவர்களை ஓடிப்பார்த்துவிட்டுச் சுடு என்று சொல்ல முடியுமா? பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஓடத் தேவையில்லை என்று வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டம் சண்டையைத் தேடிப்போகிறவனுக்கானது இல்லை. எனக்குப் பயிற்சி கொடுத்தவர் முதல் வகுப்பிலேயே சொன்னார்: இடுப்பில் இது இருக்கும்போது, பார்க்கிங் தகராறில் நீதான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும், தப்பு உன்னுடையது இல்லாவிட்டாலும். 2018-இல் புளோரிடாவின் க்ளியர்வாட்டரில் பார்க்கிங் இடத்துக்காகச் சண்டை போட்டு, தன்னைத் தள்ளிவிட்டவரைச் சுட்டவர் நினைவிருக்கிறதா? முதலில் ஷெரிஃப் (அந்தப் பகுதியின் போலீஸ் தலைவர்) கைதே செய்யவில்லை. தள்ளியவர் துப்பாக்கியைப் பார்த்ததும் பின்வாங்குவது கடை கேமராவில் தெளிவாக இருந்தது. 20 வருஷம் உள்ளே போட்டார்கள். சரியான தீர்ப்பு. 2023-இல் அதே மாநிலத்து ஒகாலாவில் பூட்டிய கதவு வழியே சுட்டு, நான்கு குழந்தைகளின் தாயைக் கொன்றவருக்கு 25 வருஷம். அதுவும் சரிதான். சட்டம் இருந்தும் தண்டனை கிடைத்திருக்கிறதே.

ஜாக்சன்வில், ஜூரியில் இருந்தவள்

தம்பி, கேமரா இருந்ததால் கிடைத்தது. நான் உட்கார்ந்த வழக்கில் கேமரா இல்லை.

குடியுரிமை வாங்கிய சில வருஷத்தில் சம்மன் வந்தது. இங்கே மரண தண்டனை இல்லாத வழக்குக்கு ஜூரி ஆறே பேர். அடுக்குமாடிக் குடியிருப்பில் சத்தமாகப் பாட்டு வைத்ததில் வாய்ச்சண்டை. குற்றம்சாட்டப்பட்டவர் சண்டையை விட்டு மாடிக்குப் போயிருக்கிறார். துப்பாக்கியோடு திரும்ப இறங்கி வந்திருக்கிறார். கீழே கைகலப்பு, ஒரு குண்டு. அடிபட்டவர் பிழைத்தார், ஆனால் கால் போய்விட்டது.

திரியைத் தொடங்கியவர் கவனத்துக்கு ஒன்று: எங்கள் வழக்கில் ஒரு சாட்சி "சரியாக மூன்று நொடி" என்று அடித்துச் சொன்னார். 911 பதிவில் வேறு கணக்கு வந்தது. அதன்பின் அவர் சொன்ன மற்ற எதையும் எங்களில் யாரும் நம்பவில்லை. நீங்கள் தட்டிக் காட்டியதோடு நின்றது நல்லது.

நீதிபதி வாசித்த குறிப்பின் சாரம் இது: ஆபத்து உண்மையிலேயே இருந்திருக்க வேண்டியதில்லை, அந்த இடத்தில் நிதானமுள்ள ஒருவருக்கும் ஆபத்தாகத் தோன்றியிருக்குமா என்று பாருங்கள். ஒரு பாட்டி, "எனக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும்" என்றார். எதிரே இருந்த இளைஞர் மேஜையைத் தட்டி, "அப்புறம் ஏன் மாடியிலிருந்து இறங்கி வந்தார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே மாலைவரை சுற்றிச்சுற்றி வந்தோம். முதலில் வம்பை ஆரம்பித்தவருக்குத் தற்காப்பு எளிதில் கிடையாது என்று புளோரிடா சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் இறங்கி வந்தது மட்டுமே வம்பாகிவிடாது. சிம்மர்மேன் வழக்கில்கூட அந்தப் பிரிவை ஜூரிக்கு வாசிக்கும்படி அரசுத் தரப்பு கேட்டது, நீதிபதி மறுத்துவிட்டார். ஆறு பெண்கள் கொண்ட ஜூரி 2013 ஜூலையில் அவரை விடுவித்தது.

நாங்களும் விடுவித்தோம். கீழே யார் முதலில் கை வைத்தது என்று அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியவில்லை, அதனால் வேறு வழி இல்லை. சட்டப்படி சரியாகத்தான் செய்தோம் என்று இன்றும் நம்புகிறேன். துப்பாக்கியோடு அந்தப் படிக்கட்டில் இறங்கி வந்ததற்கு எங்களுக்குக் கொடுத்த தாள்களில் ஒரு வரிகூட இல்லை என்பதை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.